மலிவாகவே பிறந்த கத்திகள்

மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம் என்பதைத்தான். இணையத்தில் தேடினால் "டாப் டென்" பட்டியல்கள் கொட்டும். அவற்றில் பெரும்பாலானவை, விலை உயர்ந்த கத்திகளைப் பார்த்து அதே முகஜாடையில் செய்த மலிவுப் பதிப்புகள். கறுப்பு வண்ணம், முரட்டுத் தோற்றம், ஒரு விரலால் தட்டினால் திறக்கும் வசதி என்று எல்லாம் இருக்கும். எஃகும் ஆணியும் மட்டும் சொத்தையாக இருக்கும். என் கட்சி வேறு. சில கத்திகள் முதல் நாளிலிருந்தே குறைந்த விலைக்கு விற்பதற்கென்று யோசித்துச் செய்யப்பட்டவை. வாங்கப்போகிறவர் விவசாயி, மேய்ப்பர், சிப்பாய், பள்ளிக்கூடப் பையன். அவர்களிடம் காசு கம்மி, ஆனால் கத்தி தினமும் வேலை செய்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் உருவான கத்தியில் வேண்டாதது எல்லாம் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும். இனிமேல் குறைப்பதற்கு ஒன்றும் இருக்காது. புதிதாகச் சேர்ப்பவர் முதலில் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

நம் ஊரில் கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். சினிமா ரவுடியின் பட்டன் கத்தி செய்த வேலை அது. "ஸ்டாம்பு சேக்கலாம், பழைய காசு சேக்கலாம், கத்தியப் போயி எவனாவது சேப்பானாடா?" என்று என் அத்தை ஒருமுறை கேட்டார். பதில் சொல்லாமல், மேஜைமேல் கிடந்த ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியை, எட்டாம் நம்பர் அளவு, எடுத்து ஒரு மாம்பழத்தைத் தோல் சீவிக் கொடுத்தேன். "பரவால்லயே, அருவாமனையவிட மெல்லிசா வருதே" என்றார். அன்றைய விவாதம் அத்தோடு முடிந்தது.

ஒபினெலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில், மொரியென் பள்ளத்தாக்கில், மரம் கழிக்கும் கத்தியும் கோடரியும் செய்துகொண்டிருந்த ஒரு கொல்லர் குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஒபினெல் 1890இல், தன் 18ஆவது வயதில், அக்கம்பக்கத்து விவசாயிகளுக்காக ஒரு சின்ன மடக்குக் கத்தியைச் செய்தார். மொத்தம் நாலே பாகங்கள்: மரப்பிடி, அலகு, ஓர் உலோகப் பூண், ஓர் ஆணி. ஸ்பிரிங் கிடையாது. பிடிக்குள் தகடு கிடையாது. உருண்டைக் கட்டையில் ஒரு பிளவு போட்டு அலகைச் செருகி ஆணி அடித்துவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பிளவைப் போடுவதற்கு இயந்திரமும் தானே செய்துகொண்டார். விலை குறைந்ததற்கு அந்த இயந்திரம்தான் காரணம், சிக்கனமான எஃகு இல்லை.

1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு அளவுகளை வகுத்தார். ஒன்றாம் நம்பரின் அலகு 2 செ.மீ.தான். 1930களில் ஒன்றும் பதினொன்றும் வரிசையிலிருந்து போய்விட்டன. அலகில் கிரீடத்தோடு ஒரு கை அடையாளம் இருக்கும், இரண்டு விரல் நீட்டியபடி. அந்தக் கை பக்கத்து ஊரான சான் ழான் து மொரியெனின் நகரச் சின்னத்திலிருந்து வந்தது, கிரீடம் சவோய் கோமகன்களுடையது. 1955இல் மார்செல் ஒபினெல் கழுத்தில் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். திறந்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. பாகங்கள் ஐந்தாயின. 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம். ஆறாம் நம்பரிலிருந்துதான் இந்த வளையம் உண்டு. இரண்டு முதல் ஐந்து வரை பூட்டு இல்லாதவை. பிற்பாடு சட்டம் பற்றிப் பேசும்போது இது உதவும்.

எட்டாம் நம்பரின் அலகு 8.5 செ.மீ. முதுகுப் பக்கத்திலேயே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், அங்கிருந்து கூர்வரை மெலிந்துகொண்டே போகும். இந்த மெல்லிசுதான் விஷயம். கனத்த அலகு கேரட்டைப் பிளக்கும், ஒபினெல் நறுக்கும். பல ஆயிரம் ரூபாய்க் கத்திகள் தக்காளியில் திணறுவதையும் இது சும்மா இறங்குவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பிரான்ஸில் இன்றும் 10 முதல் 15 யூரோவை ஒட்டித்தான் விலை. இங்கே இறக்குமதியாகி வரும்போது கூடும், அப்போதும் தாங்கக்கூடிய விலைதான்.

குறை இல்லாமலா? பிடி பீச் மரம், ஈரத்தைக் குடிக்கும். சென்னையில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கட்டை உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். சவோய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் அழகானது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை வெளியே துள்ளும். அப்புறம் விரலால் எடுத்துக்கொள்ளலாம். மழைக்கு முன்பே ஆணிப் பக்கம் கொஞ்சம் மெழுகோ எண்ணெயோ ஊற விட்டால் பாதித் தொல்லை குறையும். இந்தக் கத்தியை மட்டும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸா? ஒபினெல் இரண்டிலும் வருகிறது. கார்பன் அலகில் மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்துப் பாருங்கள், சில நிமிடங்களில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஓடும். முதலில் வெட்டிய துண்டில் இரும்பு வாசனையும் லேசாக ஏறும். எலுமிச்சையும் வெங்காயமும் இதே வேலையைச் செய்யும். பழைய அரிவாள்மனையோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அந்தக் கரும்படலம் நாளாக ஆகத் திடமாகி, செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். சேகரிப்பவர்களில் பலர் இதற்காகவே கார்பன் வாங்குகிறார்கள். ஒரே கத்தி ஒருவர் கையில் நீலமாகவும் இன்னொருவர் கையில் பழுப்பாகவும் ஆகும். ஆனால் நீங்கள் கடற்கரை ஊர்க்காரர், பயன்படுத்தியதும் துடைக்கிற பழக்கமும் இல்லை என்றால் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் எடுங்கள். ஒபினெல் அதற்குப் பயன்படுத்துவது ஸ்வீடனின் 12சி27 எஃகு, நல்ல சரக்கு. கூர் போடுவதில் மட்டும் கார்பன் சற்று சீக்கிரம் வழிக்கு வரும்.

அடுத்து, தகட்டை மடித்துப் பிடி செய்த கத்திகள். மரமும் எலும்பும் வைத்துப் பிடி செய்ய ஆள்கூலி அதிகம். ஒரே தகட்டை அழுத்தி மடித்துவிட்டால் பிடியும் ஆயிற்று, கூடும் ஆயிற்று. பிரான்ஸில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் நகரத்தில், கோஞே நிறுவனம் 1929இல் டூக்டூக் என்ற கத்தியை இந்த முறையில் கொண்டுவந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் விற்பதற்கென்றே செய்தார்கள். பிடியின் தகட்டில் மெலனீசியத் தீவுகளின் ஓர் ஆவி உருவம் பொறித்திருக்கும். பசிபிக் தீவுகளை மனத்தில் வைத்துச் செய்த கத்தி, கடைசியில் சக்கைப்போடு போட்டது வட ஆப்பிரிக்காவில், அதிலும் அல்ஜீரியாவில்.

டூக்டூக்கில் பூட்டு இல்லை. முதுகில் ஒரு வில், அதாவது ஸ்பிரிங், உண்டு. அந்த வில்லின் முரட்டுத்தனம் முதல்முறை திறப்பவரைத் திடுக்கிட வைக்கும். மூடும்போது கடைசிக் கால்பங்கு தூரத்தில் "டப்" என்று அறையும், விரல் வழியில் இருந்தால் அவ்வளவுதான். குழந்தைகள் கைக்குப் போகக் கூடாத கத்தி. அலகு கார்பன் எஃகு, துருக்கி வாட்களை நினைவூட்டும் வளைவான முனை. மூடினால் சட்டைப்பையில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தட்டை. பொறிப்பு வேலைப்பாட்டுக்காகவே இதை நிறையப் பேர் சேர்க்கிறார்கள், அணில் போட்டது போன்ற வேறு உருவங்களும் உண்டு. எனக்கு ஆவி உருவம் போட்ட பழைய வடிவமே போதும்.

ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்தில் இதே சிந்தனையின் இன்னொரு பிள்ளை மெர்காட்டர் கே55கே. கறுப்பு வண்ணம் பூசிய மடித்த தகட்டுப் பிடி, அதில் பாயும் பூனை ஒன்று. முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு நெம்பை அழுத்தினால்தான் அலகு மடங்கும். உலகப் போர்களில் ஜெர்மன் சிப்பாய்கள் பலர் சொந்தக் காசில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட கத்தி இது. இப்போது ஓட்டர் நிறுவனம் அதே ஊரில் செய்கிறது. ஒபினெலைவிட விலை கூடுதல்தான், ஆனால் பூட்டுள்ள சோலிங்கன் கத்தி இந்த விலையில் கிடைப்பது அபூர்வம். கறுப்பு வண்ணம் விளிம்புகளில் தேய்ந்து எஃகு எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கத்திக்குக் களை வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் புதுசாகவே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

ஜப்பானின் ஹிகோனோகாமியை இந்த வரிசையில் விடவே முடியாது. ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரம், 1890களில் தொடங்கிய கதை. பித்தளையையோ இரும்பையோ மடித்த பிடி, ஓர் ஆணி, பின்பக்கம் வால் நீண்ட அலகு. பூட்டும் இல்லை, வில்லும் இல்லை. பயன்படுத்தும்போது அந்த வாலைக் கட்டைவிரலால் பிடியோடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும், அதுதான் பூட்டு. கட்டைவிரலை எடுத்தால் ஆணியின் இறுக்கம் ஒன்றுதான் காவல். இவ்வளவு எளிமையான இயந்திரத்தில் பழுதாக என்ன இருக்கிறது? ஆணி தளர்ந்தால் ஒரு சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. இதன் நல்ல வகைகளில் அலகின் நடுவே நீலத்தாள் எஃகு என்று ஜப்பானியர் சொல்லும் கடினமான கார்பன் எஃகும், இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பும் இருக்கும். கூர் போட்ட பிறகு இரண்டும் சந்திக்கும் கோடு அலகின் ஓரத்தில் அலையலையாகத் தெரியும். கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கலாம், நேரம் போவதே தெரியாது.

ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ இதைத்தான் வைத்திருந்தார்கள். 1960 அக்டோபரில் ஜப்பான் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோ மேடையில் 17 வயதுப் பையன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது குறுவாள், இந்தக் கத்தி இல்லை. ஆனால் அதன்பின் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவி, மிகியின் கத்திப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹிகோனோகாமி என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையோடு இன்று மிஞ்சியிருப்பது நாகாவோ கானெகோமா என்ற ஒரே பட்டறை. அப்படியிருந்தும் அதன் சாதாரண வகையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடவில்லை. கைவேலை, வரலாறு, நல்ல எஃகு மூன்றும் ஒன்றாக இவ்வளவு மலிவில் கிடைக்கும் வேறொரு கத்தியை நான் பார்க்கவில்லை. பெயரில்லாத நகல்கள் சந்தையில் நிறைய. பிடியில் பொறித்திருக்கும் ஜப்பானிய எழுத்துகளைப் பட்டறையின் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, விக்டோரினாக்ஸ். சுவிஸ் கத்தி என்றதும் நம்மில் பலருக்கு வளைகுடாவிலிருந்து வந்த மாமாவின் பெட்டி ஞாபகம் வரும். கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் பட்டறை தொடங்கினார். அந்நாளில் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி சோலிங்கனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நம் ராணுவத்துக்கு நாமே செய்வோம் என்று 1891இல் அவர் செய்து கொடுக்கத் தொடங்கினார். ஜெர்மன் ஆலையின் விலையோடு போட்டிபோட முடியாமல் கிட்டத்தட்டத் திவாலாகி, உறவினர்கள் கைகொடுத்துத்தான் பிழைத்தார். 1897இல் அதிகாரிகளுக்கான இலகுவான, பல கருவிகள் கொண்ட கத்தியைப் பதிவுசெய்த பிறகுதான் தலையெடுத்தார்.

இதில் எதை வாங்குவது? இருபது முப்பது கருவிகள் கொண்ட குண்டுக் கத்தியை விட்டுவிடுங்கள். பையிலும் நிற்காது, கையிலும் நிற்காது. 91 மி.மீ. வரிசையில் ஸ்பார்ட்டனோ டிங்கரோ போதும். ஸ்பார்ட்டனில் பாட்டில் கார்க் எடுக்கும் திருகு உண்டு. ஒயின் குடிக்காதவருக்கு அது எதற்கு என்று கேட்கலாம், மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கான குட்டித் திருப்புளி ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அதைச் சுழற்றி வைத்துக்கொள்ள இடம் இந்தத் திருகுதான். டிங்கரில் அதற்குப் பதில் ஸ்டார் திருப்புளி. சேகரிப்புக்கென்றால் நான் கை காட்டுவது அலாக்ஸ் என்ற அலுமினியப் பிடி வகையை: 84 மி.மீ. கேடட், 93 மி.மீ. பயனியர். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி நாளாக ஆகக் கீறல் விழுந்து மங்கும், அலாக்ஸ் தேயத் தேய அழகாகும். 2014 முதல் ஆண்டுக்கு ஒரு நிறத்தில் வரையறுக்கப்பட்ட பதிப்பும் வருகிறது. அந்த நிறங்களை வரிசையாகச் சேர்க்கிறவர்கள் தனிக் கூட்டம். எனக்கு அதில் ருசி இல்லை.

அதைவிட ருசியான வேட்டை ஒன்று உண்டு. 1961 முதல் சுவிஸ் ராணுவத்துக்கு வழங்கிய அலாக்ஸ் சிப்பாய்க் கத்திகளில் அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். 75 என்றால் 1975. 2008 மாடல் வந்ததும் இந்த வகை ஓய்வு பெற்றது. பழைய பொருள் சந்தைகளில் நியாயமான விலைக்கு இன்னும் தட்டுப்படுகிறது. பிறந்த வருடக் கத்தியைத் தேடிப் பிடிப்பதில் ஒரு தனி போதை. உங்கள் வருடம் கிடைத்ததும் மனைவியுடையது, பிள்ளைகளுடையது என்று தேடல் நீளும், எச்சரித்துவிட்டேன். அமெரிக்காவின் கேஸ் (Case) கத்தி நிறுவனமும் 1970 முதல் அலகின் அடியில் புள்ளிகளால் வருடக் கணக்கு வைத்தது. அந்த வருடம் பத்துப் புள்ளி, ஒவ்வொரு வருடமும் ஒன்று குறையும். அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தால் அந்தப் பாதையும் திறந்திருக்கிறது.

விக்டோரினாக்ஸில் போலி மலிந்து கிடக்கிறது. சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் பார்த்ததும் ஏமாந்துவிடக் கூடாது. பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற வாசகமும் தெளிவாக, ஆழமாக இருக்க வேண்டும். அதைவிட நம்பகமான சோதனை, கத்தியை விளக்குக்கு எதிரே பிடிப்பது. அடுக்குகளுக்கு நடுவே வெளிச்சம் ஒழுகினால் சந்தேகப்படுங்கள். அசலில் ஒவ்வொரு கருவியும் ஒரே சீரான இறுக்கத்தோடு திறந்து "டக்" என்று நிற்கும். போலியில் ஒன்று தொளதொளக்கும், அடுத்தது நகத்தைப் பெயர்க்கும்.

இந்த வெளிச்சச் சோதனையும் காதுச் சோதனையும் எல்லா வில் கத்திக்கும் பொருந்தும். மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். திறந்து, முனையை விரல்களுக்கிடையில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மயிரிழை அசைவு மன்னிக்கலாம். மேலும் கீழும் ஆடினால் வாங்காதீர்கள், அது பூட்டின் கோளாறு. கூர்ப்பட்டை, அதாவது கூருக்காகச் சரிவாகத் தேய்த்த ஓரம், அடியிலிருந்து முனைவரை ஒரே அகலத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவசரத்தில் சாணை பிடித்த கத்தியில் அது முனைப்பக்கம் அகன்று கோணலாகும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இவற்றையெல்லாம் பொட்டலம் பிரித்த அன்றே பார்த்துவிடுவது உத்தமம், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்.

சீனக் கத்திகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாரபட்சம் ஆகிவிடும். சீனா என்றாலே மட்டம் என்ற காலம் மலையேறிவிட்டது. சிவிவி, கியூஎஸ்பி போன்ற பெயர்களில் வரும் மடக்குக் கத்திகளின் வேலைச்சுத்தம் அசரவைக்கும். குண்டுத் தாங்கியில் (பால் பேரிங்) சுழலும் அலகு, உள்தகடு வளைந்து வந்து தாங்கும் லைனர் லாக், 14சி28என் எஃகு என்று அதே விலையில் ஐரோப்பாவால் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறார்கள். தினப் பயன்பாட்டுக்கு ஒரு நவீனக் கத்தி வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். சேகரிப்பாகப் பார்த்தால் எனக்கு ஒரு தயக்கம். மாதாமாதம் புது மாதிரி வருகிறது, ஆறு மாதத்தில் பழசாகிறது. எதையும் நின்று பார்க்க விடாத வேகம். மற்றபடி, பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் கத்தியை முத்திரை உட்பட அப்படியே காப்பியடித்து விற்கும் நகல்களைத் தொடவே வேண்டாம். அது திருட்டு என்பது ஒருபுறம், அந்த எஃகு எது என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது என்பது இன்னொருபுறம்.

எஃகின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஒரு கட்டத்தில் உங்களையும் இழுப்பார்கள். டி2 பெரிதா, 8சிஆர்13எம்ஓவி பெரிதா என்று பக்கம் பக்கமாகப் போகும். பெயரைவிட முக்கியம் எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதம். விக்டோரினாக்ஸ் தன் அலகை, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 என்ற மிதமான கடினத்தில்தான் வைக்கிறது. கூர் சீக்கிரம் போகும், ஆனால் எந்தச் சாணைக்கல்லிலும் சில நிமிடத்தில் திரும்பி வரும். டி2 கூரை நெடுநாள் பிடிக்கும், ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, கடல்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும். கூர் போடப் பழகாதவர் அதை வாங்கிவிட்டுக் கல்லோடு மல்லுக்கட்டுவார். முதலில் 1000 கிரிட் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்) சாணைக்கல் ஒன்று வாங்கி, கார்பன் ஒபினெலில் கை பழகுங்கள். கல் இல்லாத அவசரத்துக்கு, பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பு வளையம் இருக்கும், அதில் நாலு இழுப்பு போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்த மெல்லிய அலகுகளைக் கொடுக்க வேண்டாம். அவர் சக்கரத்துக்கு அரிவாளும் வெட்டுக்கத்தியும் சரி. மெல்லிய அலகு அதில் நொடியில் சூடேறி, நுனி நீலம் பாய்ந்து, பதம் இறங்கிவிடும்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தோல் உறைக்குள் போட்டுப் பல மாதம் விட்டுவிடுவது பலர் செய்கிற காரியம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பதனிடப் பயன்படுத்திய ரசாயனமும் சேர்ந்து, அலகில் துருவும் பித்தளையில் பச்சைக் களிம்பும் படியும். கத்தியைத் தனியாக, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள், உறையை வேறிடத்தில் வையுங்கள். ஆணிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாள்பட்டால் பிசின் பிடித்து அலகு நகராது. தையல் மெஷின் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். பழம் நறுக்குகிற கத்தியென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, ஒரு சின்னப் புட்டி நெடுநாள் வரும்.

கடைசியாகச் சட்டம். இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை நீங்கலாக. இதுவரை பேசிய எதுவும் அந்த அளவை நெருங்காது. அதற்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ரயிலுக்கோ அரசியல் கூட்டத்துக்கோ போனால் வாசலில் பதில் சொல்ல வேண்டி வரும், நியாயமும்கூட. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு விதி இன்னும் கறார்: பூட்டு இல்லாத, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தியை மட்டுமே காரணம் கேட்காமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஒபினெல் எட்டாம் நம்பர் நீளத்திலும் தோற்கும், பூட்டிலும் தோற்கும். ஐந்தாம் நம்பர் தேறும், பெரும்பாலான சின்ன விக்டோரினாக்ஸும் தேறும். சிங்கப்பூரில் வெளியே எடுத்துப்போகும் ஆசையே வேண்டாம், வீட்டுக்குள் ரசியுங்கள்.

விமானத்தில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டிக்குள்தான். பாரிஸிலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் சாக்லேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்பன் எட்டாம் நம்பர் ஒன்றும் டூக்டூக் ஒன்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சாக்லேட் பெட்டியின் எடைகூட வராது. வாங்கிய ரசீதையும் பெட்டியிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள், கஸ்டம்ஸில் யாராவது கேட்டால் காட்டலாம்.